சுபாஷ் பாபு தேடிய வேலை

ஜனவரி மாதம் 23-ந் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அவர்கள் பிறந்த தினம். ஆண்டுதோறும் அந்நாளில் அவருடைய படத்திற்கு மாலை சூட்டி, அவர் சிங்கப்பூரில் சேனை திரட்டியதையும், டில்லியை நோக்கிப் படை செலுத்தியதையும் நாம் நினைவு கூர்கிறோம். அது நியாயமே. ஆனால் 1943-ம் வருஷத்தில் நாற்பத்தாறு வயதில் சேனைத் தலைவராக நின்ற சுபாஷைக் கொண்டாடும் நாம், 1917-ம் வருஷத்தில் இருபது வயதில், கலாசாலையிலிருந்து நீக்கப்பட்டு, கையில் பட்டமின்றி, தமக்குரிய வேலை எது என்று அறியாமல் திகைத்து நின்ற சுபாஷை மறந்துவிடுகிறோம். நம்முடைய வாலிபர்களுக்கு அதிகமாகப் பயன்படக்கூடியவர் அந்த இரண்டாவது சுபாஷ்தான் என்பது நமது அபிப்பிராயம்.

பட்டாளத்திற்கு ஆள் எடுக்கும் மைதானங்களில், பொழுது விடிவதற்கு முன்பே வந்து ஓட்டத்திற்கு அணிவகுத்து நிற்கும் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். சிலரை ஓட்டம் கைவிடுகிறது. சிலரை மார்பளவு கைவிடுகிறது. சிலரைக் கண் கைவிடுகிறது. தலை குனிந்து ஊர் திரும்பும் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும், இந்தியாவின் சேனைத் தலைவர் என்று உலகம் அறிந்த ஒருவரும் இதே போன்ற வைத்திய பரிசோதனையில் தள்ளப்பட்டு வீடு திரும்பியவர் என்பது? அந்தக் கதையை இன்று சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

சுபாஷ் பாபு 1897-ம் வருஷத்தில் ஒரிஸ்ஸாவிலுள்ள கட்டாக் நகரில் பிறந்தார். தந்தை ஜானகிநாத் போஸ் பேர்பெற்ற வக்கீல். பின்னால் சர்க்கார் வக்கீலாகவும் விளங்கியவர். தாயார் பிரபாவதி அம்மையார். பதினான்கு குழந்தைகளில் சுபாஷ் ஒன்பதாமவர். வீட்டில் எதற்கும் குறைவில்லை. வயிற்றுப் பிழைப்புக்காக வேலை தேடவேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுவது நேர்மை. அடுப்பில் உலை ஏறாத வீட்டுப் பிள்ளையிடம் போய்ச் சம்பளத்தை நினையாதே என்று உபதேசம் செய்ய நமக்கு உரிமையில்லை. ஆயினும், பசி தீர்ந்த பின்னரும் தீராத பசி ஒன்று வாலிபப் பிராயத்தில் உண்டு. என் வாழ்நாளை எதற்குக் கொடுப்பது என்ற கேள்வியே அது. அந்தப் பசி ஏழை வீட்டிலும் உண்டு, செல்வர் வீட்டிலும் உண்டு. சுபாஷை அது பதினைந்து வயதிலேயே பற்றிக்கொண்டது.

முதலில் அவர் படித்தது ஐரோப்பியக் குழந்தைகளுக்காக மிஷனரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில். அங்கே ஆங்கிலமும் லத்தீனும் கற்பித்தார்கள், தாய்மொழி கற்பிக்கவில்லை. 1909-ல் ராவென்ஷா பள்ளிக்கு மாறியபோது அவருக்கு வங்காளி சரியாக எழுதத் தெரியாது. சக மாணவர்கள் நகைத்தார்கள். அந்த அவமானத்தை மனத்திற்கொண்டு படித்து, வங்காளியிலேயே வகுப்பில் முதன்மை பெற்றார். அப்பள்ளியின் தலைமை ஆசிரியர் வேணி மாதவ தாஸ் அவர் உள்ளத்தில் ஒழுக்கத்தின் விதையை ஊன்றினார். அச்சமயத்தில் உறவினர் ஒருவர் வீட்டில் விவேகானந்த சுவாமிகளின் நூல்கள் தற்செயலாகக் கண்ணில் பட்டன. தன் ஆன்மாவின் விடுதலையும் மனித குலத்தின் சேவையும் ஒன்றே என்ற சுவாமிகளின் கொள்கை அவரை ஆட்கொண்டது. 1913-ல் நடந்த மெட்ரிகுலேஷன் பரீட்சையில் கல்கத்தா சர்வகலாசாலை முழுவதிலும் இரண்டாவதாகத் தேறினார். பிள்ளை பெரிய உத்தியோகத்திற்குப் போவான் என்று வீட்டார் மகிழ்ந்தார்கள். பிள்ளையின் மனமோ உத்தியோகத்தில் இல்லை.

1914-ம் வருஷத்துக் கோடை விடுமுறையில், ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல், ஒரு நண்பருடன் சுபாஷ் குருவைத் தேடிப் புறப்பட்டுவிட்டார். ரிஷிகேசம், ஹரித்துவாரம், மதுரா, பிருந்தாவனம், காசி, கயை என்று சுமார் இரண்டு மாத காலம் அலைந்தார். நல்ல சாதுக்கள் சிலரைக் கண்டார். ஆனால் தாம் தேடிய குருவைக் காணவில்லை. புண்ணிய ஸ்தலங்களிலேயே ஜாதி வித்தியாசம் தலைவிரித்து ஆடுவதைக் கண்டார். வங்காளிகள் மீன் உண்பவர்கள் என்று காரணம் கூறி, ஹரித்துவாரத்தில் ஒரு சாப்பாட்டு விடுதியில் அவர்களுக்கு அன்னம் பரிமாற மறுத்தார்கள். துறவறத்தில் தம் வினாவுக்கு விடை கிடைக்கும் என்ற நம்பிக்கை குலைந்து அவர் வீடு திரும்பினார். காணாமற்போன மகனைக் கண்டு பெற்றோர் கண்ணீர் விட்டார்கள். சில நாட்களுக்கெல்லாம் விஷ ஜுரம் கண்டு சுபாஷ் படுக்கையில் விழுந்தார்.

அவர் படுத்திருந்தபோதுதான் ஐரோப்பாவில் மகா யுத்தம் மூண்டது. பத்திரிகைகளைப் படித்துக்கொண்டு படுத்திருந்த அந்த மாணவர் மனத்தில் ஒரு புதிய எண்ணம் உதித்தது. தன்னைத் தானே காத்துக்கொள்ளும் படைபலம் இல்லாத நாடு சுதந்திரத்தைப் பெறுவது எப்படி, பெற்றாலும் வைத்துக்கொள்வது எப்படி என்று அவர் சிந்திக்கலானார். ராஜ்ய நிர்வாகத்தை மாத்திரம் நமக்குக் கொடுத்துவிட்டு, நாட்டின் பாதுகாப்பைத் தாங்களே வைத்துக்கொள்வோம் என்று ஆங்கிலேயர் கூறினால் அது சுதந்திரமாகாது என்ற முடிவுக்கு அவர் வந்தார். காவித் துணியில் கிடைக்காத விடையை அவர் காக்கித் துணியில் தேட ஆரம்பித்தது அப்போதுதான் என்று நாம் கருதுகிறோம்.

இதற்கிடையில் 1916-ம் வருஷத்துத் தொடக்கத்தில் கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையில் ஒரு குழப்பம் விளைந்தது. சரித்திர ஆசிரியராக இருந்த ஓட்டன் என்னும் ஆங்கிலேயர் மாணவர்களை அவமதித்துக் கையாண்டார் என்று மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறுபடியும் அவ்விதமே நேரவே, சில மாணவர்கள் அவரை அடித்துவிட்டார்கள். வகுப்பின் பிரதிநிதியாக இருந்த சுபாஷ் மீது பழி விழுந்தது. ஸர் ஆசுதோஷ் முகர்ஜி தலைமையில் கூடிய விசாரணைக் கமிட்டி, அடித்தது நியாயமா என்று அவரிடம் வினவியது. நியாயமன்று என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் மாணவர்களுக்கு ஆத்திரமூட்டிய காரணங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைத்தார். கண்டனம் மாத்திரம் செய்திருந்தால் தப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கலாசாலையிலிருந்தும் சர்வகலாசாலையிலிருந்தும் அவர் நீக்கப்பட்டார். படிப்பு எப்போது தொடரும், தொடருமோ தொடராதோ, ஒன்றும் நிச்சயமில்லை.

இப்படிப்பட்ட நிலையில் வாலிபர்கள் மனமுடைந்து போவதை நாம் காண்கிறோம். சுபாஷ் கட்டாக்குக்குத் திரும்பி ஏறக்குறைய ஓராண்டு காலம் இருந்தார். அந்த ஓராண்டை அவர் வீணாக்கவில்லை. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு காலரா, வைசூரி கண்ட நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். பிறர் அருகில் செல்லவும் அஞ்சிய படுக்கைகளின் பக்கத்தில் அமர்ந்தார். வேலை இல்லை என்று ஊர் சொன்ன அந்தக் காலத்தில்தான் அவருக்குத் தக்க வேலை முதன்முதலாகக் கிடைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

பிறகு 1917-ல் கல்கத்தாவுக்கு வந்தார். மறுபடி சேர்த்துக்கொள்வதா இல்லையா என்று சர்வகலாசாலை முடிவு செய்யும் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அச்சமயம் 49-வது வங்காளிப் பட்டாளத்திற்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வங்காளிகள் போருக்கு உதவாத ஜாதியார் என்று ஆங்கில அதிகாரிகள் நெடுங்காலமாகக் கூறிவந்த பேச்சைப் பொய்யாக்க வேண்டும் என்று படித்த வாலிபர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். பின்னால் பெருங்கவியாகப் புகழ்பெற்ற காஜி நஸ்ருல் இஸ்லாமும் அவ்வருஷம் அதே பட்டாளத்தில் சேர்ந்தவர்தான். சுபாஷும் வீட்டாருக்குத் தெரியாமல் ஆள் சேர்க்கும் இடத்திற்குப் போனார். உடம்பு தேறியது, மற்றச் சோதனைகளெல்லாம் தேறின, கண் தேறவில்லை. மூக்குக் கண்ணாடி அணிந்த அந்த மாணவர் வைத்திய அதிகாரியிடம் எவ்வளவோ மன்றாடினார். பயனில்லை. பட்டாளம் அவரை வேண்டாமென்று தள்ளிவிட்டது.

ஆங்கிலேயருடைய பட்டாளத்தில் சேர ஒரு தேசபக்தர் விரும்பலாமா என்று சிலர் இன்று கேட்கக்கூடும். அக்காலத்தை அறிந்து பேச வேண்டும். 1918-ல் மகாத்மா காந்தியே குஜராத்தில் கேடா ஜில்லாவில் கிராமம் கிராமமாக நடந்து பட்டாளத்திற்கு ஆள் சேர்த்தார். ஆயுதம் தாங்கும் பழக்கமே அற்றுப்போன ஒரு ஜன சமூகத்திற்கு அந்தப் பழக்கம் எவ்விதமாவது திரும்ப வேண்டும் என்ற ஏக்கம் அன்று பலருக்கும் இருந்தது. சுபாஷ் நாடிச் சென்றது சம்பளத்தையன்று, பயிற்சியை. இவ்வேறுபாட்டை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம். ஏனெனில் அவருடைய பிற்காலச் செயல்களுக்கு இதுவே திறவுகோல்.

1917 ஜூலையில் ஸ்காட்டிஷ் சர்ச் கலாசாலையில் அவருக்கு இடம் கிடைத்தது. தத்துவ சாஸ்திரத்தை எடுத்துப் படித்தார். இந்தியப் பாதுகாப்புப் படையில் சர்வகலாசாலை மாணவர்களுக்கென்று ஒரு பிரிவு ஏற்பட்டபோது முன்வந்து சேர்ந்தார். அங்கே கண் சோதனை அவ்வளவு கடுமையாக இல்லை. கேப்டன் கிரே என்பவர் கவாத்துப் பழக்கினார். வாய் முரட்டு வாய். ஆனால் தொழிலில் கெட்டிக்காரர். மாணவர்கள் அவரிடம் பிரியம் வைத்தார்கள். வில்லியம் கோட்டைக்கு அருகில் கூடாரங்களில் வாசம், விடியற்காலையில் கவாத்து, துப்பாக்கி சுடும் பயிற்சி என்று மாதங்கள் கழிந்தன. குருவைத் தேடி அலைந்த நாட்களில் அடையாத ஒரு தெளிவையும் பலத்தையும் அந்த முகாம் வாழ்வில் அடைந்ததாக அவர் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் எழுதி வைத்தார். சாதாரண இந்தியர்கள் உள்ளே போக முடியாத வில்லியம் கோட்டைக்குள், துப்பாக்கி வாங்குவதற்காக அணிவகுத்து நுழைந்த தினத்தில், தங்களுக்கே உரிய பொருள் ஒன்றைத் திரும்பப் பெற்றது போன்ற உணர்ச்சி அவருக்கு உண்டாயிற்று.

1919-ல் பி.ஏ. பரீட்சையில் தத்துவ சாஸ்திரத்தில் முதல் வகுப்பில் தேறினார். உடனே தந்தையார் அவரை அழைத்து, இங்கிலாந்துக்குப் போய் ஐ.சி.எஸ். பரீட்சை எழுதச் சம்மதமா என்று கேட்டு, யோசிக்க இருபத்துநான்கு மணி நேரம் கொடுத்தார். சுபாஷ் சம்மதித்தார். தேறுவதற்கு இருக்கும் காலம் போதாது; எப்படியும் ஆங்கில நாட்டில் படித்துவிட்டு வரலாம் என்பதே அவருடைய எண்ணம். செப்டம்பர் மாதம் 15-ந் தேதி கப்பலேறினார். கேம்பிரிட்ஜில் எட்டு மாதம் மாத்திரமே படித்து, 1920-ல் பரீட்சை எழுதினார். முடிவு வெளிவந்தபோது நாலாவது ஸ்தானத்தில் தேறியிருந்தார். ஆயிரம் பேர் தவங்கிடந்தும் கிட்டாத உத்தியோகம் தானாக வந்து வாசலில் நின்றது.

கேம்பிரிட்ஜில் இருந்த காலத்தில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தை இங்கே குறிப்பிட வேண்டும். அந்தச் சர்வகலாசாலையில் மாணவர்களுக்கு இராணுவ அதிகாரிப் பயிற்சி அளிக்கும் படைப்பிரிவு ஒன்று உண்டு. இந்திய மாணவர்கள் தங்களையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டார்கள். அவர்கள் சார்பாக லண்டனுக்குச் சென்று வாதாடிய இருவரில் சுபாஷ் ஒருவர். இந்தியா மந்திரி காரியாலயம் யுத்த இலாகாவைக் கை காட்டியது. யுத்த இலாகா இந்தியா மந்திரி காரியாலயத்தைக் கை காட்டியது. பயிற்சி பெற்றவர்கள் பிரிட்டிஷ் சேனையில் அதிகாரி பதவிக்கு உரிமை கொண்டாடுவார்கள் என்பதே அவர்களுடைய அச்சம். பதவி வேண்டாம், பயிற்சி போதும் என்று மாணவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். கதவு திறக்கவில்லை. கல்கத்தாவில் கண்ணைக் காரணம் காட்டித் தள்ளினார்கள். இங்கிலாந்தில் பிறப்பைக் காரணம் காட்டித் தள்ளினார்கள் என்று நாம் சொல்லலாம்.

ஒரு கதவு மூடியது. மற்றொரு கதவு, அதாவது சிவில் சர்வீஸ் என்னும் பொன் கதவு, விரியத் திறந்திருந்தது. பட்டாளத்தில் சேர மன்றாடிய அதே மனிதர் இந்தக் கதவுக்குள் நுழைய மறுத்தார். இது முரண்பாடு என்று தோன்றலாம். ஊன்றி நோக்கினால் அப்படியன்று. பட்டாளத்தில் கற்றதை எங்கே வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம். துப்பாக்கி பிடிக்கக் கற்ற கை யாருக்கும் அடிமையாகிவிடுவதில்லை. ஐ.சி.எஸ். உத்தியோகமோ வாழ்நாள் முழுவதையும் எழுதிக் கேட்பது. நல்ல சம்பளம், முதுமையில் பென்ஷன், ஊரில் மதிப்பு எல்லாம் உண்டு. அவற்றுக்கு ஈடாக அந்நிய சர்க்காருக்கு உண்மையாக உழைப்பதாகக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டு நாட்டுக்கும் உழைப்பது என்பது இரண்டு எஜமானர்களுக்கு ஊழியம் செய்வதாகும் என்று அவர் எண்ணினார்.

முடிவெடுக்க ஏழு மாதம் ஆயிற்று. இதை நம் வாலிபர்கள் கவனிக்க வேண்டும். அது ஒரு கணத்து ஆவேசமன்று. தமையனார் சரத் சந்திர போஸ் அவர்களுக்குக் கடிதத்தின்மேல் கடிதமாகத் தம் மனப் போராட்டத்தை எழுதிக்கொண்டிருந்தார். தந்தைக்கு அவருடைய எண்ணம் பிடிக்கவில்லை. தாயாரோ தாம் காந்தியடிகளின் கொள்கையையே விரும்புவதாக எழுதினார். இந்தியா மந்திரி காரியாலயத்திலிருந்த ஸர் வில்லியம் ட்யூக், முன்னாளில் ஒரிஸ்ஸாவில் உத்தியோகம் பார்த்துத் தந்தையாரை அறிந்தவர். அவர் தடுத்துப் பார்த்தார். ஆனால் கோபித்துக்கொள்வார் என்று சுபாஷ் எதிர்பார்த்த கேம்பிரிட்ஜ் விடுதித் தலைவர் ரெடவே என்னும் ஆங்கிலேயர், அவருடைய முடிவைச் சரியென்றே ஏற்றுக்கொண்டார். 1921 ஏப்ரல் 22-ந் தேதி இந்தியா மந்திரி மாண்டேகுவுக்குச் சுபாஷ் இராஜினாமாக் கடிதம் அனுப்பினார். அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கு.

விட்டுவிடுவது பாதி வேலைதான். அடுத்தது என்ன என்பதையும் அவர் முன்னதாகவே யோசித்திருந்தார். இராஜினாமாவுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, பெரும் வருமானம் வந்த பாரிஸ்டர் தொழிலைத் துறந்து தேசப்பணியில் இறங்கியிருந்த தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அவர்களுக்கு எழுதினார். தாம் இன்னார், இவ்வளவு படித்திருக்கிறேன், தேசியக் கலாசாலையில் போதிக்க முடியும், பத்திரிகையில் எழுத முடியும், தங்களிடம் எனக்கு என்ன வேலை இருக்கிறது என்று கேட்கும் கடிதம் அது. உத்தியோகம் தேடும் எந்த வாலிபனும் எழுதும் விண்ணப்பத்தைப் போன்றதே. சம்பளத்தைப் பற்றிய வரி மாத்திரம் வேறு. வேலைக்குக் குறைவில்லை, உண்மையான ஊழியர்களுக்குத்தான் குறைவு என்ற கருத்தில் தாஸ் அவர்களிடமிருந்து பதில் வந்தது.

ஜூலை மாதம் 16-ந் தேதி பம்பாயில் இறங்கிய தினமே அவர் மகாத்மாவைச் சந்தித்தார். இயக்கம் எந்தெந்தப் படிகளில் ஏறி எப்படி வெற்றி காணும் என்று குடைந்து குடைந்து கேட்டார். பதில்கள் அவருக்கு முழுத் திருப்தி அளிக்கவில்லை. கல்கத்தா சென்று தாஸ் அவர்களைக் கண்டதும், இவரே தம் தலைவர் என்று தெளிந்தார். ஹரித்துவாரத்திலும் காசியிலும் காணாத குருவைக் கல்கத்தாவிலே கண்டார்.

அங்கே கிடைத்த வேலைகள் என்ன? தேசியக் கலாசாலையின் தலைமை, காங்கிரஸ் பிரசாரம், தொண்டர் படை. அவ்வருஷம் டிசம்பரிலேயே சிறைவாசம். மறு வருஷம் வட வங்காளத்தில் பெருவெள்ளம் வந்தபோது நிவாரண வேலை. 1924-ல் கல்கத்தா கார்ப்பொரேஷனின் பிரதம நிர்வாக அதிகாரியானார். அப்பதவிக்கு ஏற்பட்டிருந்த மூவாயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் பாதியையே பெற்றுக்கொண்டார். அவ்வருஷமே மீண்டும் கைதாகி, பர்மாவில் மாண்டலே சிறைக்கு அனுப்பப்பட்டார். பட்டாளக் கனவு மாத்திரம் அவரை விட்டுப் போகவில்லை. 1928-ல் கல்கத்தா காங்கிரஸில் தொண்டர்களுக்கு உடுப்பு அணிவித்து, அவர்களுடைய தளகர்த்தராகத் தாமும் உடுப்பணிந்து அணிவகுப்பு நடத்தினார். சிலர் நகைத்தார்கள். மகாத்மாவுக்கும் அது உகந்ததாக இல்லை. நகைத்தவர்களுக்கு அவர் பதினைந்து வருஷம் கழித்துப் பதில் கொடுத்தார்.

1939 செப்டம்பர் 3-ந் தேதி சென்னைக் கடற்கரையில் பெருங்கூட்டத்தில் அவர் பேசிக்கொண்டிருந்தபோதுதான் இரண்டாவது மகா யுத்தம் தொடங்கிய செய்தி அவர் கைக்கு வந்தது. 1941 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து மறைந்து காபூல் வழியாக ஜெர்மனி சென்றதும், 1943-ல் நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே வந்ததும், ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பை ஏற்றுக்கொண்டதும் யாவரும் அறிந்தவை. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் கூலி வேலை செய்த நம் தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் அந்த இராணுவத்தில் சேர்ந்தார்கள். ஜான்ஸி ராணிப் படையில் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். கண் சோதனையில் தள்ளப்பட்ட மனிதருக்கு முன்னால் ஒரு சேனையே நிமிர்ந்து நின்றது. 1944-ல் இம்பால் போர் தோல்வியில் முடிந்தது, பலர் மடிந்தார்கள். 1945 ஆகஸ்டு 18-ந் தேதி தைப்பேயில் நேர்ந்த விமான விபத்து அவர் வாழ்வை முடித்தது. ஜெர்மனியோடும் ஜப்பானோடும் அவர் கொண்ட உறவு தக்கதா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அவ்வாதத்தை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. நாம் சொல்ல எடுத்துக்கொண்டது, இருபது வயதுக்கும் இருபத்துநான்கு வயதுக்கும் இடைப்பட்ட சுபாஷைப் பற்றி.

அந்த நான்கு வருஷங்களில் அவர் காட்டிய வழி என்ன? வேலையைப் பற்றி அவர் முதலில் கேட்ட கேள்வி, இது எனக்கு என்ன தரும் என்பதன்று. இது யாருக்குப் போய்ச் சேரும் என்பதே. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த பிறகு, காலரா நோயாளியின் படுக்கையும், கவாத்து மைதானமும், வெள்ளத்தில் மூழ்கிய கிராமமும், சிறைக்கூடமும் ஒரே வேலையின் பல பகுதிகளாக அவருக்குத் தோன்றின. உடுப்பு அந்த வேலைக்கு ஒரு கருவி. அதுவே வேலை ஆகாது.

இன்று பட்டாளத்தில் சேர விரும்பும் பிள்ளைக்கு, யாருடைய பட்டாளம் என்ற வேதனை இல்லை. சேனை நம்முடையது, கொடி நம்முடையது. அந்தப் பாக்கியம் சுபாஷுக்குக் கிட்டவில்லை. ஆகையால் சேருகிறவன் அந்த உடுப்பின் அருமையை அறிந்து சேரட்டும். வேறு வேலை அகப்படாததனால் மாத்திரம் சேருகிறவனும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் சேர்ந்த பிறகாவது, தான் காப்பது எவரை என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசிக்கட்டும். மைதானத்திலிருந்து தள்ளப்பட்டுத் திரும்புகிறவனுக்கும் நாம் ஒரு வார்த்தை சொல்வோம். அன்று கல்கத்தாவில் வைத்திய அதிகாரி அளந்தது சுபாஷின் கண் பார்வையை மாத்திரமே. அவர் செய்யக்கூடிய வேலையை அளக்கும் கருவி அந்த அதிகாரியிடம் இல்லை. ஊரில் செய்வாரற்றுக் கிடக்கும் பணிகள் பல. அவற்றில் ஒன்றை நாளைக் காலையிலேயே எடுத்துக்கொள்ளலாம். நேதாஜி பிறந்த தினத்தில் நம் வாலிபர்கள் படத்திற்கு மாலையிடுவதோடு நில்லாமல் இதையும் சிந்திப்பார்களாக.